ஏழாவது தட்டு

அத்தியாயம் ஆறு

“அத்தைன்னு கூப்பிடச் சொன்னீங்க, கூப்பிடறேன். ஆனா கட்டிக்கொடுக்க ஒரு பொண்ணுகூட இல்லாத அத்தைக்கு மருமகனா நடிக்கிறதுல எனக்கு என்ன லாபம், சொல்லுங்க டீச்சர்?”

ஒட்டடை இதை மூன்றாம் மாடிக் காரிடாரில் குனிந்தபடி கேட்டான். பணிவெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த ஹோட்டலில் விளக்குகளை அழகுக்காக ஆளின் தலைமட்டத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். அவனோ ஆறடி மூன்றங்குலம். அந்த உயரத்துக்குத் தக்க சதையைப் போட ஆண்டவன் மறந்துபோனதால், பள்ளிக்கூட நாளிலேயே ஒட்டடைக்குச்சி ஆகி, பிறகு குச்சியும் உதிர்ந்து வெறும் ஒட்டடை ஆனவன். இடது கால் பேன்ட்டின் கீழ்த்தையல் வேறு நாலு நாளாகப் பிரிந்து தொங்கி, நடக்கும்போதெல்லாம் ஷூவுக்கு அடியில் மாட்டியது.

“சாப்பாடு லாபம்,” என்றார் டீச்சர். “மத்தியானம் ஏழு தட்டு விருந்து. அதுவரைக்கும் வாயை மூடிட்டுக் கண்ணைத் திற.”

டீச்சர் இருபத்திரண்டு வருடம் பரீட்சை ஹாலில் நடந்து நடந்தே காலம் தள்ளியவர். காப்பியடிப்பவனை அவன் முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார். அந்த வித்தை பள்ளிக்கூடத்தில் வீணாகிறதே என்று ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஒட்டடை அங்கே விளக்கு மாட்ட வந்தவன். ஏணி இல்லாமலே மாட்டினான். ஆறு வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை.

ஹோட்டலில் மொத்தமே பன்னிரண்டு அறைகள். ஓர் அறைபோல் இன்னோர் அறை இருக்காது. ஒன்றில் சுவரெல்லாம் செம்பு, இன்னொன்றில் குளியல்தொட்டி கட்டிலுக்குப் பக்கத்தில். அறை கிடைக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே வருகிறவர்கள் உலகத்தை மறந்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கொள்கையாம். அதனால் வாசலிலேயே செல்போனை வாங்கி, வெல்வெட் பையில் போட்டு, வரவேற்பு மேஜைக்குப் பின்னால் பூட்டி வைத்துவிடுவார்கள். அறையில் டிவி இல்லை, கடிகாரம் இல்லை. ஜன்னல் கண்ணாடி திறக்காது. கட்டில் பக்கத்தில் இருக்கும் போன், வரவேற்பு மேஜை ஒன்றுக்குத்தான் பேசும். காரிடாரில் ஒரு கேமராகூட வைக்கவில்லை. ‘உங்கள் அந்தரங்கம் எங்கள் கௌரவம்’ என்று லிஃப்டுக்குள் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள்.

“இதே வசதியெல்லாம் ஜெயில்ல இலவசம் டீச்சர்.”

“அத்தை.”

“இலவசம் அத்தை.”

நேற்றுக் காலை அலுவலகக் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. ஒட்டடை திறந்து பார்த்தால் வாசலில் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தபோது ஒரு பெண் இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். அவள் அக்கா இந்த ஹோட்டலில் அறைகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர். அறையில் இருந்த ஒரு நெக்லஸை எடுத்துவிட்டாள் என்று முதலாளி பழி போட்ட அன்றே அக்காவைக் காணவில்லை. வேலைக்குப் போனவள் வெளியே வரவே இல்லை. முன்வாசலிலும் பின்வாசலிலும் ஆள் நிற்கிறது, அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

“அக்கா அந்தக் கட்டடத்துக்குள்ளதான் எங்கேயோ மாட்டிட்டு இருக்காங்க. உயிரோட கண்டுபிடிச்சுக் கொடுங்க,” என்று அழுதாள். இன்றைக்கு ஓர் அறையும் அவளே ஏற்பாடு செய்து கொடுத்தாள். கண்டுபிடித்தால் எதிர்ச் சந்தில் இருக்கும் டீக்கடைக்கு வந்து சொல்லச் சொன்னாள்.

ஒட்டடைக்கு அந்த அழுகையைப் பார்த்து மனசு உருகிவிட்டது. டீச்சர் மட்டும் அவள் போன பிறகு மூடிய கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதேபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டாம் எண் அறையின் வாசலில், காலைச் சிற்றுண்டி முடித்த டிரே ஒன்று கிடந்தது.

“அத்தை, பசிக்குதுன்னா சொல்லுங்க. எச்சில் தட்டையெல்லாம் அப்படிப் பார்க்காதீங்க.”

“மத்த டிரே எல்லாம் பார்த்தியா? அஞ்சாம் நம்பர் வாசல்ல?”

பார்த்திருந்தான். ஐந்தாம் எண் வாசலில் கோப்பை கவிழ்ந்து, நாப்கின் முட்டைக்குள் நனைந்து, கரண்டி காரிடாரில் தனியாகக் கிடந்தது. ஆறாம் எண்ணிலும் அதே கதைதான்.

“இதைப் பார்.”

எட்டாம் எண் டிரேயில் பெரிய தட்டு அடியில், சின்னது மேலே. மிச்சமெல்லாம் ஒரே கிண்ணத்தில் வழித்துப் போடப்பட்டிருந்தது. கத்தியும் முள்கரண்டியும் நழுவாமல் இருக்கத் தட்டுக்கு அடியில் செருகியிருந்தன. கோப்பைக் காது எல்லாம் ஒரே பக்கம். டிரேயின் கைப்பிடி யார் காலிலும் இடிக்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

“ரொம்பச் சுத்தமான மனுஷங்க,” என்றான் ஒட்டடை.

“எட்டாம் நம்பர்காரங்க காலைல நம்ம கூடத்தான் லிஃப்ட்ல வந்தாங்க. ‘சாப்பிடக்கூட நேரமில்ல, அப்படியே விட்டுட்டு வந்துட்டோம்’னு அந்த அம்மா சொல்லிட்டே போனாங்க. அப்ப இதை யாரு சாப்பிட்டது? காசு கொடுத்துத் தங்கறவன் தட்டு அடுக்க மாட்டான். வருஷக்கணக்கா டிரே தூக்கின கைக்குத்தான் இந்தப் பழக்கம் வரும். பசியில திருட்டுத்தனமா சாப்பிட்டிருக்கா. ஆனா கை சும்மா இருக்கல, அடுக்கி வச்சுட்டு வந்துடுச்சு.”

நாலு நிமிடத்துக்கு முன்புவரை இது அவனுக்கு ஓசிச் சாப்பாட்டு வேலை. இப்போது இந்த அழகான சுவர்களுக்குள் எங்கேயோ ஒருத்தி பிறர் விட்டுப்போன ரொட்டியைத் தின்றுகொண்டு பதுங்கியிருக்கிறாள் என்று நினைத்ததும் பாவமாக இருந்தது.

காரிடாரின் கடைசியில் எண் இல்லாத கதவு ஒன்று. படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் வைக்கும் துணி அறை. அட்டை காட்டினால்தான் திறக்கும் பூட்டு. டீச்சர் ஒரு விரலால் தள்ளினார், திறந்துகொண்டது. தாழ் விழும் ஓட்டைக்குள் யாரோ கைத்துணி ஒன்றை அழகாக நாலாக மடித்துத் திணித்து வைத்திருந்தார்கள்.

உள்ளே ஜன்னலே இல்லை. சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூடும் மூச்சை அடைத்தன. மூன்று பக்கமும் கூரைவரை இரும்பு அலமாரி, அலமாரி நிறைய வெள்ளைத் துணி. ஒட்டடை எல்லா மூலையையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டான். “ஆள் இல்ல டீச்சர். பூனை ஒளியக்கூட இடமில்ல.”

டீச்சர் துணியைத் தொடாமல் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். பின்சுவர் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வந்ததும் நின்றார்.

“நீ துணி மடிச்சு அலமாரியில வைக்கும்போது மடிப்புப் பக்கம் எங்க இருக்கும்?”

“நான் துணி மடிச்சதே இல்ல.”

“நம்ம பக்கம்தான் இருக்கும். அப்பத்தான் ஒண்ணு எடுத்தா மத்தது கலையாது. இங்க எல்லா அடுக்கும் அப்படித்தான் இருக்கு. இந்தக் கீழ்வரிசை மட்டும் மடிப்பு உள்பக்கம், பிசிறு நம்ம பக்கம்.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “ஏன்னா இதை அடுக்கினவ நாம நிக்கிற பக்கத்துல இல்ல. அந்தப் பக்கம் உட்கார்ந்து அடுக்கியிருக்கா.”

ஒட்டடை குனிந்து அந்தக் கீழ்வரிசையை உற்றுப் பார்த்தான்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து, துணிச்சுவரைப் பார்த்துச் சொன்னார். “அம்மா, பயப்படாதீங்க. நாங்க முதலாளி ஆளுங்க இல்ல. உங்களைத் தேடித்தான் வந்தோம்.”

பிறகு ஓர் அடுக்கு மெல்ல விலகியது. நாற்பது வயதுப் பெண்ணின் முகம், கன்னத்தில் விரிப்பின் கோடு பதிந்து, கண்ணிரண்டும் சிவந்து. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் முழங்காலைக் கட்டி உட்காரும் அளவுதான் இடம். அங்கே இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் இருந்திருக்கிறாள்.

“தண்ணி இருக்கா?” என்றாள் முதலில்.

குடித்து முடித்துத்தான் பேசினாள். நெக்லஸ் என்று ஒன்றே கிடையாது. நாலாம் எண் அறையின் மேஜை விளக்கைத் துடைக்கும்போது அதற்குள் கடுகளவு கண்ணாடி ஒன்று மினுங்கியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் கேமரா. அப்புறம் மூன்று அறைகளில் பார்த்தாள், மூன்றிலும் இருந்தது. முதலாளியின் அறையைக் கூட்டப் போன நேரத்தில், அவர் திறந்து வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் அந்தக் காட்சிகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததையும் கண்ணால் பார்த்துவிட்டாள். அதிலிருந்த மெமரி கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பத்து நிமிடத்தில் திருடி என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

“விருந்தாளிங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“ஒரு அம்மாகிட்டச் சொன்னேன். அவங்க பயந்து போயி ரிசப்ஷனுக்குப் போன் பண்ணிட்டாங்க. நல்லவேளை, மாடிப்படி வழியா ஓடி வந்துட்டேன்.” கொண்டைக்குள் விரலை விட்டு, நகத்தளவு கறுப்புக் கார்டை எடுத்துக் காட்டினாள். “என்னைப் பிடிச்சா முதல்ல இதைத்தான் தேடுவாங்க. அப்புறம் நான் வெறும் திருடி. என் பேச்சை யாரு கேப்பாங்க? தப்பா ஒரு துண்டு எடுத்தவன்னுகூட இந்தப் பதினேழு வருஷத்துல என்னை யாரும் சொன்னதில்ல.”

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். ஒட்டடை ஒரு துண்டை எடுத்து நீட்டினான். அவள் அதில் முகம் துடைத்துவிட்டு, மறுபடி மூன்றாக மடித்தாள்.

“கவலைப்படாதீங்கக்கா. உங்க தங்கச்சி எதிர்ல டீக்கடையிலதான் காத்துட்டு இருக்காங்க...”

அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு.

ஒட்டடைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. துணி அறைக் கதவை யாராவது தட்டுவார்களா? துணியா எழுந்து வந்து திறக்கும்? பிறகு அந்தத் தட்டலை எங்கே கேட்டோம் என்று நினைவு வந்தது.

“அக்கா,” என்றது வெளியிலிருந்து நேற்றைய அழுகைக் குரல். “நான்தான் அக்கா, உங்க தங்கச்சி வந்திருக்கேன்.”

சூப்பர்வைசர் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குத் தங்கச்சியே கிடையாது,” என்றாள்.

ஒட்டடை மெல்ல டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை.

“உங்களுக்குத் தெரியும்!”

“நேத்தே தெரியும். தையல்காரின்னு சொன்னா, உன் பேன்ட் அரைமணி நேரம் அவ கண்ணுக்கு முன்னால பிரிஞ்சு தொங்குச்சு, ஒரு தடவைகூட பார்க்கல. ரெண்டு மாசம் காத்திருந்தாத்தான் கிடைக்கிற ரூம் அவளுக்கு ஒரே நாள்ல கிடைச்சுது. எல்லாத்துக்கும் மேல, மூணு தட்டு தட்டிட்டு ரெண்டடி பின்னால போயி, கையைக் கட்டி நின்னா. உள்ள இருக்கிறவங்க கதவு ஓட்டை வழியா முழு ஆளையும் பார்க்கணும்னு ஹோட்டல்ல சொல்லிக் கொடுக்கிற பழக்கம் அது. நம்ம ஆபீஸ் கதவுல ஓட்டையே இல்ல.”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“பொய் சொல்லித் தேடறாங்கன்னா இந்தம்மா ஆபத்துல இருக்காங்கன்னுதானே அர்த்தம்? அவங்களுக்கு முந்தி நாம கண்டுபிடிக்கணும்னு வந்தேன்.” டீச்சர் கதவைப் பார்த்தார். “வாசல்லயே போனைப் பிடுங்குவாங்கன்னு எதிர்பார்க்கல. அது என் தப்பு. அவங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியல, நாம கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கோம்.”

அதுதான் ஒட்டடையைச் சுட்டது. நடந்து வந்த வழியெல்லாம் அவர்களே ஆள் பின்தொடர வழிகாட்டியிருக்கிறார்கள். டிரேயைப் பார்த்துப் பூரித்ததும், துணி மடிப்பில் புத்திசாலித்தனம் காட்டியதும் எல்லாம் முதலாளிக்குச் செய்த வேலை. இந்த அறைக்கு இரண்டாவது வாசல் இல்லை, ஜன்னல் இல்லை. மூன்று பேருமாக ஒரு பெட்டிக்குள் வந்து அடைபட்டாயிற்று.

“மணி என்ன இருக்கும்?” என்று டீச்சர் கேட்டார்.

“சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம்,” என்றாள் சூப்பர்வைசர். “இன்னிக்கு விருந்து பெருசு. பத்திரிகைக்காரங்க எல்லாம் வெளியில இருந்து வர்றாங்க.”

“நல்லது.” டீச்சர் அலமாரியிலிருந்து விருந்தினருக்கான வெள்ளை லினன் அங்கி ஒன்றை உருவினார். அந்த ஹோட்டலின் இன்னொரு பெருமை அது: தங்குகிறவர்கள் அந்த அங்கியோடே சாப்பிட வரலாம். “போட்டுக்கோங்க. கழுத்துவரைக்கும் மூடுங்க. இங்க இதைப் போட்டவங்க எல்லாம் விருந்தாளி.”

“எங்க போறோம்?”

“ரெண்டு வாசல்லயும் ஆள் நிக்குது. ஆள் இல்லாத இடத்துக்குப் போனா நம்மைத் தூக்கிடுவாங்க. அதனால கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போறோம். சாப்பிட.”

கதவைத் திறந்தார்கள். இரண்டடி தள்ளி, கறுப்புச் சீருடையில், கையைக் கட்டி நின்றாள் நேற்றைய தங்கச்சி. மார்பில் வெள்ளி நூலால் ‘கேப்டன், உணவகம்’ என்று இருந்தது; பரிமாறுகிறவர்களுக்குத் தலைவி. பக்கத்தில் இரண்டு காவலாளிகள்; ஒருவன் கழுத்தே இல்லாதவன். அவன் கை நீளவும், ஏழாம் எண் அறைக் கதவு திறந்து, அங்கி அணிந்த ஒரு கணவனும் மனைவியும் வெளியே வரவும் சரியாக இருந்தது. நீண்ட கை அப்படியே வணக்கமாக மாறியது. கேப்டனும் காவலாளிகளும் சுவரோடு ஒட்டி நின்று புன்னகைத்தார்கள். விருந்தினர் கடக்கும்போது ஊழியர் அப்படித்தான் நிற்க வேண்டும்.

“வாம்மா, பசி உயிர் போகுது,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே டீச்சர் சூப்பர்வைசரின் கையைக் கோத்துக்கொண்டு, அந்தத் தம்பதியின் முதுகோடு ஒட்டி லிஃப்டுக்குள் போனார்.

உணவகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பளிங்குத் தரை, மெல்லிய பியானோ, நடுவில் ஒரு வட்ட மேஜை காலி. டீச்சர் அதில் போய் உட்கார்ந்தார்.

முதல் தட்டு வருவதற்குள் முதலாளியே வந்துவிட்டார். மணமும் மினுமினுப்புமாக, நரைத்த தாடியைச் சீராகக் கத்தரித்த மனிதர். மேஜைமேல் குனிந்து, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில், சிரிப்பு மாறாமல் பேசினார்.

“நல்லா சாப்பிடுங்க. அவசரமே இல்ல. ஏழாவது தட்டு முடிஞ்சதும் எல்லாரும் கிளம்பிடுவாங்க. அப்புறம் உங்க மூணு பேரையும் நானே கவனிச்சுக்கறேன்.”

அவர் போனதும் ஒட்டடை, “எழுந்து நின்னு கத்திடலாமா?” என்று கேட்டான்.

“கத்தினா ‘பாவம், விருந்தாளிக்கு மனசு சரியில்ல’ன்னு மரியாதையா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. கார்டு போயிடும். அதுல இருக்கிறதைப் போட்டுக் காட்ட இந்த ஹால்ல ஒரு போன்கூட இல்ல. எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டாங்களே.”

முதல் தட்டு வந்தது. வண்டிச் சக்கரம் அளவு தட்டு. நடுவில் நாலு பட்டாணி, அதன்மேல் ஒரு பூ.

“இதை எப்படி டீச்சர் மெதுவா சாப்பிடறது?”

“ஒவ்வொண்ணா.”

விருந்தாளி கண்ணில் கடிகாரமே படாத அந்த ஹோட்டலில் தட்டுகளை வைத்துத்தான் நேரத்தை எண்ண முடிந்தது. இரண்டாவது தட்டில் ஒரு மடக்கு சூப். மூன்றாவதில் தபால்தலை அளவு மீன். வாழ்க்கையில் எதிரே வைத்த எதையும் ஒத்திப்போட்டு அறியாத ஒட்டடை, ஒரு காளான் துண்டை ஏழாக அறுத்து, ஒவ்வொன்றையும் பல்லால் எண்ணினான். வாசலில் கழுத்தில்லாதவன் நின்றான். சமையலறைக் கதவில் இன்னொருவன். பக்கத்து மேஜைகளில் தட்டுகள் விறுவிறுவென்று காலியாயின. இத்தனை பேர் சிரித்துப் பேசும் இடத்தில், சூப்பர்வைசர் மட்டும் தன் நாப்கினைப் பிரித்துப் பிரித்து நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் மேஜைக்குப் பரிமாறியது கேப்டன்தான். வேறு யாரையும் நெருங்க விடாமல், நொடிக்கொரு தரம் கண்காணிக்க முதலாளி அவளையே நிறுத்தியிருந்தார். நாலாவது தட்டை வைக்கும்போது டீச்சர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இவங்க என்ன எடுத்தாங்கன்னு உங்ககிட்ட சொன்னாங்க?”

“நெக்லஸ்.” கேப்டன் உதடு அசையாமல் பேசினாள். “எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டாங்க. நான் கூடப்பிறந்தவளா நடிச்சதுல எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்ல. திருடியைப் பிடிக்கத்தான் நடிச்சேன்.”

சூப்பர்வைசர் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“போன மாசம் உங்கம்மா தவறினப்ப உனக்கு லீவு கொடுக்கல. ராத்திரி எல்லாரும் போனப்புறம் டிரெஸ் மாத்தற ரூம்ல உள்ள தாழ் போட்டுட்டு, ஷூவைக் கழட்டிட்டு, மூணாவது லாக்கர் பக்கத்துல தரையில உட்கார்ந்த. உங்கம்மா கடைசியா போன்ல அனுப்பின குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுத.”

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கேப்டனின் கை அப்படியே நின்றது. ஜாடி மட்டும் சாய்ந்தே இருந்தது. கிளாஸ் நிரம்பி, விளிம்பு தாண்டி, மேஜைத்துணியில் பரவியது.

“அப்ப அங்க யாருமே இல்ல,” என்றாள், காற்று போன குரலில்.

“இல்ல. அந்த ரூம்ல கடிகாரம் மாட்டியிருக்கே, அதுக்குள்ள கேமரா இருக்கு. நான் அவர் கம்ப்யூட்டர்ல பார்த்தேன். நீ இருந்த, சலவைக்காரப் பொண்ணு இருந்தா, நான் இருந்தேன். நான் எடுத்தது அந்தக் கார்டைத்தான்.”

தூரத்தில் முதலாளி தலையைத் திருப்பினார். கேப்டன் சட்டென்று நாப்கினால் ஈரத்தை ஒற்றினாள், “மன்னிக்கணும் மேடம்” என்றாள், புன்னகைத்தாள், போய்விட்டாள். அந்தப் புன்னகையில் எதையும் படிக்க முடியவில்லை.

“நம்பினாளா?” என்றான் ஒட்டடை.

“தெரியல,” என்றார் டீச்சர். அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் ஒப்புக்கொண்டது அவனை இன்னும் பயமுறுத்தியது.

ஐந்தாவது தட்டை வேறொருவன் கொண்டு வந்தான், ஆறாவதையும் அவனே. கேப்டனைக் காணவில்லை. முதலாளி காதில் போய் ஓதிவிட்டாள், கார்டு கொண்டையில் இருப்பது வரை சொல்லியிருப்பாள் என்று ஒட்டடை முடிவே கட்டிவிட்டான். பத்திரிகைக்காரர்கள் எழுந்து கைகுலுக்கத் தொடங்கினார்கள். பியானோ நின்றது. மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாக, கழுத்தில்லாதவன் வாசலை விட்டு நாலடி உள்ளே வந்தான். ஹாலில் பத்துப் பேர்கூட மிச்சமில்லை. சூப்பர்வைசர் மேஜைக்கு அடியில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் ஆறாவது தட்டின் கடைசித் துண்டைக் கரண்டியில் எடுத்து, வாயில் வைக்காமல் வைத்திருந்தார்.

“டீச்சர், ஒண்ணு சொல்லவா? உங்களுக்குப் பொண்ணு இல்லாதது நல்லதுதான். இந்நேரம் விதவையாயிருப்பா.”

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் அவன் முழங்கையை ஒரு தட்டு தட்டினார்.

சமையலறைக் கதவு திறந்தது. ஏழாவது தட்டைக் கேப்டனே கொண்டு வந்தாள். வெள்ளி மூடி போட்ட ஒரே ஒரு பெரிய தட்டு. அவள் கண்கள் வீங்கியிருந்தன, நடை மட்டும் நூல் பிடித்தாற்போல் இருந்தது. தட்டை ஒட்டடைக்கு நேரே வைத்தாள். முதலாளி திருப்தியாக மணிக்கட்டுப் பட்டனைச் சரிசெய்துகொண்டு, அவர்கள் மேஜையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

கேப்டன் மூடியை எடுத்தாள்.

மடித்த வெள்ளை நாப்கினுக்கு நடுவில், கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பாண்ட் சுற்றிய செல்போன் இருந்தது; காலையில் வாசலில் ஒட்டடையிடம் வாங்கி வைத்தது. திரையில் வெளிச்சம் எரிந்தது. அழைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

“...போலீஸ் அவசர உதவி. லைன்லயே இருங்க,” என்றது தட்டு. “நீங்க சொன்ன விலாசத்துக்கு வண்டி கிளம்பிடுச்சு. எத்தனை பேரைப் பூட்டி வச்சிருக்காங்க?”

மிச்சமிருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் நடை ஓட்டமானது. ஒட்டடை போனை எடுத்து நீட்டினான். சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டாள். “மூணு பேர்,” என்றாள் முதலில். பிறகு கேப்டனைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டாள். “நாலு பேர்.”

மேஜையில் தட்டை வைத்த பிறகு என்ன செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ அதைக் கேப்டன் செய்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்து, கையைக் கட்டி, நிமிர்ந்து நின்றாள். அந்த இரண்டடியில் அவள் நின்ற இடம் சரியாக முதலாளியின் வழிக்குக் குறுக்கே இருந்தது.

“தள்ளு,” என்றார் அவர்.

அவள் நகரவில்லை.

“மன்னிக்கணும் சார்,” என்றாள். “விருந்தாளிங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”